கயிற்றின் நீளம்

கழுத்துப்பட்டை மாட்டிய மூன்றாம் நாள், அந்தக் கருவி எங்கள் மாடுகளைப் பற்றிச் சொன்ன முதல் சேதி அவை நடப்பதே இல்லை என்பதுதான். அண்ணன் மகன் கைபேசியை என் பக்கம் நீட்டினான். ஒன்பது மாடுகளுக்கும் தனித்தனிக் கோடுகள். அசைபோடுவதைக் காட்டும் கோடு ஏறி இறங்கி ஓடியது. நடமாட்டக் கோடு மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது.

"மிஷின்ல ஏதோ கோளாறு சித்தப்பா. ஆளைக் கூப்பிடணும்" என்றான்.

ஆள் வந்தார். ஒரு பட்டையைக் கழற்றிப் பார்த்தார். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்து, "பட்டை நல்லாத்தான் இருக்குது சார். மாடு கட்டியே கெடந்தா அது எதை எண்ணும்?" என்று கேட்டார்.

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த மாடுகளின் பாட்டிமார் பின்னால் கையில் குச்சியோடு நடந்த பையன் நான். எவ்வளவு தூரம் நடந்தோம் என்பது என் கால்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. 1970களின் கடைசியில் காலைக் கறவை முடிந்ததும் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட்டால், மாடுகள் தாமாகவே மேய்க்கால் புறம்போக்கைப் பார்த்து நடக்கும். அங்கிருந்து ஏரிக்கரை. வெயில் ஏறினால் சவுக்குத் தோப்பு நிழல். தை, மாசியில் பக்கிங்காம் கால்வாய் ஓரம் வரைக்கும் போய்விட்டு, உடம்பெல்லாம் உப்புக் காற்று ஒட்ட, பொழுது சாயும்போது திரும்பும். நாள் முழுக்க மேய்ந்தும் வயிறு நிறையாத கோடை மாதங்களும் உண்டு. விலா எலும்பு எண்ணும்படி நின்ற மாடுகளை நான் மறக்கவில்லை.

மாடு திரும்பும் நேரத்துக்கு ஆயா, எங்கள் பாட்டி, தெருப்படலருகே வந்து உட்கார்ந்துவிடும். எண்ணிக்கை சரியா என்று பார்ப்பதாகத்தான் சின்ன வயதில் நினைத்தேன். ஆயா பார்த்தது வரிசையை. மந்தைக்கு ஒரு வரிசை உண்டு. எது முன்னால் வரும், அதன் பின்னால் எது, கடைசியில் எது என்பது பெரும்பாலும் மாறாது. மூன்றாவதாக வருகிற செவலை ஒருநாள் ஏழாவதாக வந்தால் ஆயா எழுந்து போய்க் குளம்பைத் தூக்கிப் பார்க்கும். ஒன்றின்மேல் ஒன்று தாவிக்கொண்டு வந்தால், கீழே அசையாமல் நின்று கொடுப்பது எது என்று பார்த்து, "நாளைக்கி விடியக்காலமே காளைக்கி ஓட்டினு போவணும்" என்று அப்பாவிடம் சொல்லும். கழுநீர்த் தொட்டிக்கு முட்டிமோதி ஓடாமல் ஒன்று ஒதுங்கி நின்றால், அன்றிரவு அதன் பக்கத்தில் ஒரு லாந்தர் எரியும்.

ஆயாவின் கண் அவ்வளவையும் பார்க்க முடிந்ததற்குக் காரணம், மாடுகள் நடந்ததுதான். நொண்டலும் சோர்வும் பருவமும் நடையில்தான் முதலில் வெளிப்படும். மாட்டைக் கட்டிப்போட்டால் அதன் கால் மட்டும் முடங்குவதில்லை, அது நமக்குக் காட்டுகிற குறியும் முடங்கிப்போகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயதுக்கு மேலாகிவிட்டது.

ஆயாவின் கண்ணுக்கு எட்டாதவையும் இருந்தன. 1983 மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஐ.ஆர்.டி.பி. என்ற ஊரக வளர்ச்சித் திட்டக் கடனில் ஒரு ஜெர்சி கலப்பு மாடு வந்தது. நாட்டு மாடு வேளைக்கு ஒரு படி கறந்தால் அதுவே பெரிது என்றிருந்த வீட்டில், இந்த மாட்டுக்குத் தூக்குவாளி போதவில்லை. மூன்றாம் ஈத்து. கன்று போட்ட இரண்டாம் நாள் இரவு மாடு படுத்தது, எழவில்லை. தலையைத் திருப்பி விலாவோடு சாய்த்து வைத்துக்கொண்டது. ஆயா காதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காது சில்லுனு கீதுடா, மூக்கும் காஞ்சி போய்க் கீது" என்றது. காய்ச்சலில்லை, குளிர். ஆயாவின் அறுபது வருட அனுபவத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சாம்பிராணி போட்டது. சாக்கைப் போர்த்தியது. சுக்கும் மிளகும் இடிக்கச் சொன்னது. அப்பா மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரி இருந்த ஊருக்குப் போனார். டாக்டர் வேறொரு ஊருக்கு வேறொரு மாட்டைப் பார்க்கப் போயிருந்தார். பால் கறக்கிற நேரத்துக்கு முன்பே மாடு போய்விட்டது. கன்று கத்திக்கொண்டே இருந்தது. கடன் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்து நின்றது.

அந்த நோயின் பெயர் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சூடு இறங்கத்தான் செய்யும். ஈன்றவுடன் மடியில் பால் பெருகும்போது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து ஒரேயடியாகப் பாலுக்குப் போய்விடும். சுண்ணாம்பு இறங்கினால் தசை வேலை செய்யாது, கடைசியில் இதயமும் நிற்கும். நிறையக் கறக்கும் மாட்டுக்குத்தான் வரும், அதிலும் ஜெர்சிக்கு அதிகம். நாட்டு மாடு கறக்கிற அளவுக்கு இந்த நோய் எட்டிப் பார்ப்பதில்லை. மாட்டை மாற்றிவிட்டோம், அதற்கு வரும் நோய் எதுவென்று ஆயாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குறியைச் சரியாகப் பிடித்த கை அந்தக் கை. அது தொட்ட குளிருக்கு மருந்து ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பாட்டிலில் இருந்தது.

பிற்பாடு மருந்து பக்கத்தில் வந்தது. வந்த வேகத்தில் அதன்மேல் பயமும் போய்விட்டது. தொண்ணூறுகளில் மாடு சுணங்கினால் என்ன ஏதென்று பார்க்காமல் ஓர் ஊசி என்ற பழக்கம் ஊருக்கு ஊர் பரவியது. அந்த ஊசிகளில் ஒன்று டைக்ளோஃபெனாக். வலியையும் வீக்கத்தையும் அடக்கும். அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதன் பிணத்தைப் பாறுக் கழுகுகள் தின்றால் அவற்றின் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 2004இல் இது உறுதியானது, 2006இல் இந்தியா கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அதற்குள் நாட்டின் பாறுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டிருந்தது. திருக்கழுக்குன்றம் மலைமேல் தினமும் உச்சி வேளையில் சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்த கழுகுகளும் தொண்ணூறுகளோடு வருவதை நிறுத்திக்கொண்டன. அவை வேறு வகைப் பாறு, மஞ்சள் முகப் பாறு. அவை ஏன் வரவில்லை என்பதற்கு நான் காரணம் கற்பிக்க மாட்டேன். ஆயாவின் தோளில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்தவன் நான். கழுகின் பேர் கொண்ட ஊரில் கழுகு இல்லை என்று நினைக்கும்போதெல்லாம், பார்க்காமல் போட்ட ஊசிகள் என் ஞாபகத்துக்கு வருகின்றன.

பிறகு நிலம் போன கதை. அதை இந்தப் பக்கத்துக்காரர் யாருக்கும் விரித்துச் சொல்லத் தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது, பழைய மாமல்லபுரம் சாலை கணினிச் சாலை ஆனது, மறைமலை நகருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் வந்து பையன்களை ஏற்றிக்கொண்டு போனது. மேய்க்கால் புறம்போக்கில் கட்டடங்கள் எழும்பின. சவுக்குத் தோப்பு மனைக்கல் நட்ட லே-அவுட் ஆனது. மாட்டை ஓட்டிப்போக ஆளும் இல்லை, இடமும் இல்லை. கொட்டகைக்கு சிமெண்ட் தரை போட்டோம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டோம், கோ-4 புல்லை வெட்டி வந்து முன்னால் கொட்டினோம். நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் நம்பினோம். நான்கடிக் கயிற்றில் மாடு பத்து வருடம் நின்றது. குளம்பு தேயாமல் வளைந்து நீண்டது, முட்டிக்காலில் புண் வந்தது. பருவம் வந்தது தெரியாமல் இருபத்தோரு நாள், மறுபடியும் இருபத்தோரு நாள் என்று தள்ளிப்போனது. கலப்பு மாட்டின் பருவம் ஒரு நாள்கூட நிற்காது, அதிலும் பாதி ராத்திரியில் கழிந்துவிடும். கத்தாமல் கமுக்கமாக வரும் ஊமைப் பருவமும் உண்டு. சினை ஊசி போடுகிற தம்பி வந்து, "நேத்தே போன் பண்ணியிருக்கக் கூடாதாண்ணா" என்று கேட்காத மாதமில்லை.

அதனால்தான் பட்டை வாங்கினோம். ஒரு பட்டைக்கு ஏறக்குறைய ஒரு மாட்டின் ஒரு மாதப் பால் காசு. உள்ளே இருப்பது நம் கைபேசியைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதே அசைவு உணரி. கழுத்து எப்படி அசைகிறது என்பதை வைத்து மேய்கிறதா, அசைபோடுகிறதா, நடக்கிறதா, மூச்சு இளைக்கிறதா என்று பிரித்துச் சொல்லும். நல்ல மாடு ஒரு நாளில் 7, 8 மணி நேரம் அசைபோடும். அது குறைந்தால், காய்ச்சலோ மடிநோயோ கண்ணுக்குத் தெரியும் முன்பே ஏதோ சரியில்லை என்று பொருள். இந்த எண்ணம் புதிதுமல்ல. பருவத்தில் இருக்கும் பசு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நடக்கிறது என்பதை, காலில் அடியெண்ணி கட்டி 1977இல் அமெரிக்காவில் கிட்டி என்ற ஆய்வாளர் எழுதிவைத்தார். அதே வருடம் இஸ்ரேலில் அஃபிகிம் என்ற கூட்டுப்பண்ணையில் தொடங்கிய நிறுவனம் மின்னணுப் பால்மானியையும் காலடிக் கருவியையும் பண்ணைகளுக்குக் கொண்டுபோனது. நம் பக்கத்தில் 2011இல் தொடங்கிய பெங்களூரின் ஸ்டெல்லாப்ஸ் காலில் கட்டும் கருவியை இந்திய மாடுகளுக்காகவே செய்தது. இரைப்பைக்குள் தங்கிச் சூட்டைச் சொல்லும் குளிகைகூட வெளிநாட்டுப் பண்ணைகளில் இருக்கிறது.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை அவிழ்த்துவிட்ட மாடுகளை வைத்துப் பிறந்தவை. அங்கே மாடு கொட்டகைக்குள் தன் விருப்பப்படி எழுந்து நடக்கும், படுக்கும், தண்ணீருக்குப் போகும். கட்டுத்தறியில் கிடக்கும் மாட்டுக்குப் பட்டை போட்டால் அசைபோடுவதைச் சொல்லும், பருவத்தைச் சரியாகச் சொல்லாது. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள். பெரும்பாலானவை ஒன்றும் இரண்டுமாக வீட்டோரம் கட்டிக் கிடப்பவை. இவற்றுக்குக் கருவி விற்க வருகிறவர்கள் கயிற்றின் நீளத்தை முதலில் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பட்டை ஒன்றே கருவியும் அல்ல. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை பயிற்சிக்குப் போயிருந்தபோது, அங்கே மெட்ராஸ் சிவப்பு ஆடுகளைப் பார்த்தேன். நம் செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்மறி. ஆட்டின் விலைக்குப் பட்டை கட்டாது. குடற்புழு இரத்தத்தை உறிஞ்சினால் ஆட்டின் கீழ் இமையின் உள்பக்கம் வெளுத்துப்போகும். அந்தச் சிவப்பை ஐந்து நிறமாகப் பிரித்து அச்சடித்த ஓர் அட்டை தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும். பேட்டரியில்லாத கருவி அது. இமையைப் புரட்டுகிற கை வேண்டும், அவ்வளவுதான். கிடை போடுகிறவர்களின் கை அதை எத்தனையோ காலமாகச் செய்துவருகிறது.

பட்டை எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். சித்திரையில் ஒரு வாரக் கோடுகளை அண்ணன் மகன் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தான். எல்லா மாடுகளுக்கும் இளைப்பு ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கி சாயங்காலம் வரை இறங்கவே இல்லை. உச்சி வேளையையொட்டிக் கடல்காற்று வந்துவிடுமே என்று யோசித்தேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு வந்தது. கொட்டகைக்குள் போய் நின்றேன், ஓர் இலை அசையவில்லை. திருட்டுப் பயத்தில் கிழக்குப் பக்கம் கூரை வரைக்கும் சுவர் எழுப்பியிருந்தோம். மறுநாளே கொத்தனார் வந்து சுவரை மூன்றடி விட்டு மேலே உள்ளதை இடித்தார். அன்று மதியம் ஒன்றரை மணிக்குக் கோடு இறங்கியது. ஜெர்சிக்கும் பிரீசியனுக்கும் நம் கடலோரப் புழுக்கம் சாதாரணத் துன்பமல்ல. அவற்றின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே பத்துச் சித்திரையைக் கழித்திருக்கிறேன்.

பால் கறக்கும் எந்திரத்தில் இன்னொரு உணரி உண்டு. பாலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளக்கும். மடியில் நோய் தொடங்கினால் இரத்தத்திலிருந்து உப்பு பாலுக்குள் கசியும், மின்சாரம் கூடுதலாகப் பாயும். ஆயா ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சலை உள்ளங்கையில் வாங்கி நாக்கில் வைக்கும். "இந்தக் காம்பு கரிக்குது" என்றால் அந்தப் பாலை வீட்டுக்கு எடுக்காது. நாக்கும் கம்பியும் தேடுவது ஒரே உப்பைத்தான். நாக்குக்கு எட்டாத அளவையும் கம்பி பிடிக்கும் என்பதைப் பார்த்து, ஆயா இருந்தால் சந்தோஷப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மார்கழியில் ஓர் இரவு. கன்று போட்டு இரண்டு நாள் ஆன மாட்டின் அசைக் கோடு பதினொரு மணியிலிருந்து விழத் தொடங்கியிருக்கிறது. அண்ணன் மகன் சிறுசேரியில் ராத்திரி ஷிப்டில் இருந்தான். அவனுக்குத்தான் சேதி போனது. அவன் போன் போட்டு என் அண்ணனை எழுப்ப, அண்ணன் என்னை எழுப்பினார். கொட்டகையில் விளக்கைப் போட்டதும் என் கால் நின்றுவிட்டது. தலையை விலாவோடு திருப்பிச் சாய்த்து வைத்திருந்தது மாடு. காதைப் பிடித்தேன். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஆயா சொன்ன அதே சில்லிப்பு என் உள்ளங்கையில் இருந்தது.

இந்த முறை டாக்டர் முக்கால் மணி நேரத்தில் வந்தார். சுண்ணாம்பு மருந்து பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி, சொட்டுச் சொட்டாக விட்டார். வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும் என்று, ஒரு கையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பாதிப் பாட்டில் போனதும் மாட்டின் தோள் நடுங்கியது. ஓர் ஏப்பம் விட்டது. சாணி போட்டது. தலை மெல்லத் திரும்பி நேரானது. அரைமணி நேரத்தில் பின்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. நான் கொட்டகைக்கு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அண்ணன் எதுவும் கேட்கவில்லை. 1983 மழையில் அப்பாவோடு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனவர் அவர்.

இன்னோர் இரவையும் சொல்லவேண்டும். அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு கிடாரியின் தலையீத்து. ஈற்று நெருங்குகிறது, அமைதியில்லாமல் இருக்கிறது என்று பத்தரை மணிக்குச் சேதி வந்திருக்கிறது. அண்ணன் மகனுக்கு அன்று விடுமுறை, தூங்கிவிட்டான். அண்ணனின் கைபேசி சத்தம் குறைந்த நிலையில் கிடந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தபோது கன்றின் இரண்டு முன்னங்கால் வெளியே தெரிந்தன, தலை மடங்கி உள்ளே சிக்கியிருந்தது. தாயைக் காப்பாற்றினார்கள். கன்று போய்விட்டது. கருவி சரியாகத்தான் சொல்லியிருந்தது. எழுந்து போகவேண்டியவர்கள் நாங்கள். அன்றிலிருந்து யாருடைய முறை என்று சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். ஈற்று மாடு இருக்கும் இரவுகளில் ஒருவர் கொட்டகைத் திண்ணையில் படுக்கிறோம். லாந்தருக்குப் பதில் மின்விளக்கு எரிகிறது.

மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துக்கு அண்ணன் மகனை ஒருநாள் கூட்டிப்போனேன். மலையைக் குடையாகப் பிடித்திருக்கும் கண்ணனைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். பக்கத்தில் ஓர் ஆயன் பால் கறக்கிறான், பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது. கல்லில் அந்த நாக்கு ஆயிரத்துச் சொச்சம் வருடமாகக் கன்றின்மேல் இருக்கிறது. கன்றை நக்கினால்தான் பால் நன்றாகச் சுரக்கும் என்பது அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. நம் காலத்தில் கன்றைப் பிரித்துவிட்டு, சுரப்புக்கு ஊசி போட்டவர்கள் உண்டு. கன்றைப் பக்கத்தில் நிறுத்துவதால் பால் குறைகிறதா, கூடுகிறதா என்று எங்கள் கருவியில் பார்க்கலாம் என்றான் பையன். பார், ஆனால் குறைந்தாலும் கன்று அங்கேதான் நிற்கும் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டான்.

கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். பட்டைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டுப் போன பத்தாம் நாள், கொட்டகைக்குப் பின்னால் விற்காமல் மிஞ்சியிருந்த இருபது சென்ட்டை வளைத்துச் சவுக்குக் கழி வேலி போட்டோம். இரண்டு வேம்பு, ஒரு பூவரசு, தண்ணீர்த் தொட்டி. மண் தரை. சாயங்காலக் கறவை முடிந்ததும் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டோம். இளங்கிடாரிகள் வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளி ஓடின. ஒன்று வேலியில் போய் முட்டிக்கொண்டது.

வெள்ளச்சிக்கு அப்போது பதினோரு வயது. பத்து வருடம் அந்த முளையில்தான் நின்றிருந்தது. அதைக் கைப்பிடியாக வெளியே கூட்டிவந்து கயிற்றை உருவினேன். நான்கடி நடந்தது. கயிறு இழுக்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டது. முன்னால் ஒன்றுமில்லை, புல் கட்டு மட்டும் பத்தடி தள்ளிக் கிடந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தது, காலை வைக்கவில்லை. இருட்டும் வரைக்கும் அங்கேயே நின்றது. மறுநாளும் அப்படியே. ஆயாவின் செவலை கால்வாய் வரைக்கும் போய் வந்ததை நான் அதன் காதோரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் உச்சி வேளையில் கடல்காற்று வேம்பை அசைத்தபோது வெள்ளச்சி மூக்கை உயர்த்தியது. ஓர் அடி வைத்தது. பிறகு நிற்காமல் கிழக்கு வேலி வரைக்கும் நடந்து போய், மனைக்கற்களுக்கு அப்பால் பழைய தோப்பு இருந்த பக்கம் பார்த்து நின்றது. ராத்திரி அண்ணன் மகன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினான். தரையோடு கிடந்த அதன் கோடு ஓரிடத்தில் சின்னதாக எழும்பியிருந்தது. நான் அதை விரலால் தொட்டுப் பார்த்தேன்.